பின்னால் வெளுத்த வானம், முன்னால் கறுத்த முகம்

பாடாங் கோத்தா கடலோரச் சுவரில் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் கடலும் வானமும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கினால் என்ன படம் கிடைக்கும் என்று பினாங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேகம் அழகாக இருக்கும், தூரத்தில் நிற்கிற கப்பல்கூடத் தெளிவாக இருக்கும், அம்மா முகத்தில் மட்டும் கண் எது மூக்கு எது என்று தெரியாது. உடனே போன் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். புது போன் வாங்கினாலும் இது முழுசாகத் தீராது, ஏனென்றால் இது வெளிச்சத்தின் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு முறை புரிந்துவிட்டால், கையில் இருக்கிற பழைய போனிலேயே பாதிப் பிரச்சினை ஓடிவிடும்.

சரி, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆளுக்குப் பின்னால் சூரியனோ வெளிச்சமான மேகமோ இருக்கிறது. அந்த வெளிச்சம் அவருடைய முதுகில் விழுகிறது, நீங்கள் எடுப்பதோ முகத்தை. முகத்துக்குக் கிடைப்பது சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பி வருகிற மிச்ச வெளிச்சம்தான். நேரில் பார்க்கும்போது இது உங்களுக்கு உறைக்காது. நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு விதமாகவும் முகத்தைப் பார்க்கும்போது வேறு விதமாகவும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது, மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் காட்டிவிடுகிறது. கேமரா ஒரு படத்துக்கு ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அந்த ஒரே அளவு வானத்துக்கும் முகத்துக்கும் பொதுவாகப் பொருந்த வேண்டும், எதிர்வெளிச்சத்தில் அது பொருந்தாது.

எவ்வளவு வித்தியாசம் என்பதைப் படமெடுக்கிறவர்கள் ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, மூன்று என்றால் எட்டு. உதாரணத்துக்கு, வானத்தை மட்டும் அளந்தால் கேமரா 1/1000 வினாடி ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம்) கேட்கிறது, முகத்தின் அருகில் போய் முகத்தை மட்டும் அளந்தால் 1/125 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப். நம் ஊரில் பகல் நேரத்தில் இது சர்வ சாதாரணம். நீல வானம் இருக்கிற நாளைவிட, வெள்ளை வெளேர் என்று மேகம் மூடி வெயில் உள்ளேயிருந்து கசிகிற நாளில்தான் பிரச்சினை அதிகம், பினாங்கில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது கேமரா என்ன முடிவெடுக்கும்? அதற்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு அம்மா யார், மேகம் எது என்று தெரியாது. தன் முன்னால் இருக்கிற காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு, அதாவது விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதம் போலத் திருப்பி அனுப்புகிற ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு எல்லாவற்றையும் கொண்டு வரப் பார்க்கும். ஒரு வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் 95 மதிப்பெண், இரண்டு பேர் மட்டும் 20 என்றால், சராசரியைப் பார்க்கிற தலைமையாசிரியர் வகுப்பு ரொம்ப நன்றாகப் படிக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றுதானே நினைப்பார்? அந்த இரண்டு பேர்தான் உங்கள் அம்மாவின் முகம். வானம் படத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டதால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து கேமரா குறைக்கிறது. வானம் சாம்பலுக்கு இறங்குகிறது, ஏற்கெனவே இருட்டில் இருக்கிற முகம் கறுப்புக்கே போய்விடுகிறது.

இதைச் சமாளிக்க கேமரா செய்பவர்கள் பல காலமாகப் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1983இல் வந்த நிக்கான் எஃப்ஏ, காட்சியை 5 பகுதிகளாகப் பிரித்து அளந்து, எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்று ஒப்பிட்டு முடிவெடுத்தது. இன்றைக்குப் போன்கள் முகத்தையே கண்டுபிடித்து அதற்குத் தனி மரியாதை கொடுக்கின்றன, சில படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்த்து எச்டிஆர் என்று தருகின்றன. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் முகம் படத்தில் சின்னதாக இருந்தால், ஆள் பக்கவாட்டில் திரும்பினால், தலையில் துண்டோ தொப்பியோ இருந்தால் அதுவும் திணறுகிறது. குழந்தை ஓடினால் எச்டிஆர் படத்தில் கை இரண்டாகத் தெரியும். அதனால் சொல்லவேண்டியதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

சொல்வது எப்படி? இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். வானம் ரொம்பப் பளீரென்று இருக்கிறதே, வெளிச்சத்தைக் குறைப்போம் என்று மைனஸ் பக்கம் போகிறார்கள். கூடாது. வானம் பளீரென்று இருப்பதைப் பார்த்து கேமரா ஏற்கெனவே குறைத்துவிட்டது, அந்தக் குறைப்பைத்தான் நீங்கள் திருப்பிப் போட வேண்டும். எதிர்வெளிச்சம் என்றால் ப்ளஸ். இதை மட்டும் மனதில் போட்டு வையுங்கள்.

போனில் முகத்தின் மேல் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். பல போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் படம் வரும், அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். கன்னத்தில் தோலின் நிறம் தெரிகிற வரைக்கும், கண்ணுக்குள் வெள்ளை விழி பிரிந்து தெரிகிற வரைக்கும் இழுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு ஆளை ஓரத்தில் வைத்து எடுத்தாலும் போன் மனம் மாறாது. கேமரா வைத்திருப்பவர்கள் ப்ளஸ் மைனஸ் போட்ட பொத்தானையோ சக்கரத்தையோ தேடி ப்ளஸ் 1இல், அதாவது ஒரு ஸ்டாப் கூட்டித் தொடங்குங்கள். திரையில் பாருங்கள், போதவில்லையென்றால் ப்ளஸ் 1.7, ப்ளஸ் 2. வானம் படத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் ப்ளஸ் 2க்கு மேலும் போக வேண்டி வரலாம். வெயிலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்தால் எல்லாப் படமுமே இருட்டாகத்தான் தெரியும், ஆகவே நிழலில் ஒதுங்கியோ கையால் மறைத்தோ பாருங்கள்.

ஸ்பாட் மீட்டர் என்று இன்னொரு வழி உண்டு. படத்தின் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது. அந்தப் புள்ளியை முகத்தில் வைத்து, அளவைப் பூட்டிக்கொண்டு எடுத்தால் வானம் கணக்கிலேயே வராது. கேட்க முழுத் தீர்வு மாதிரி இருக்கும். ஆனால் இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, பெரும்பாலான பாடங்களில் அதைச் சொல்வதே இல்லை. கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம் இது.

மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கும் என்றேன் அல்லவா? வெளுத்த தோல் அந்தச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. அதனால்தான் பாடப் புத்தகங்கள் முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு என்கின்றன. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் மனதில் இருந்த முகம் அது. மாநிறம் ஏறக்குறைய நடுச்சாம்பலிலேயே இருக்கும், நல்ல கறுப்பு நிறம் அதைவிட ஒரு ஸ்டாப் கீழேகூட இருக்கும். அப்படியானால் மாநிற முகத்தை ஸ்பாட்டில் அளந்தால் எதுவும் கூட்ட வேண்டாம். கறுத்த முகத்தை அளந்தால் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவின் முகம் சாம்பல் பூசின மாதிரி வெளிறி வரும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவை எடுக்கும்போது ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஒரே திருமணத்தில் மூன்று பேரும் வரிசையாக நின்றால் நிறத்தில் நடுவில் இருப்பவருக்கு அளந்து எடுப்பதுதான் நியாயம்.

பிலிம் காலத்தில் படம் கழுவுகிற கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஷெர்லி கார்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் அது, அவருடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் பெரியவர்கள் முகம் தெரியாமல் பல்லும் கண்ணும் மட்டும் தெரிகிற படங்களுக்கு இதுவும் ஒரு காரணம். 2021இல்தான் கூகிள் தன் பிக்ஸல் 6 போனில் கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று ரியல் டோன் என்ற பெயரிலேயே ஒரு வசதியைக் கொண்டு வந்தது. எதிர்வெளிச்சம் எல்லாருக்கும் சிக்கல், நமக்குக் கூடுதல் சிக்கல், ஏனென்றால் நம் முகம் வானத்திலிருந்து இன்னும் ஒரு ஸ்டாப் தள்ளி நிற்கிறது. இதற்கு மருந்து முகத்தை வெளுக்கச் செய்வது இல்லை. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு அளவுகோல், அந்த ஆளைப் பகலில் எதிரே உட்கார வைத்துப் பார்த்தால் என்ன நிறத்தில் தெரிவாரோ அதுதான். அதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். போனில் அழகாக்கும் வசதி ஏதாவது தானாக ஓடிக்கொண்டிருந்தால் தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள், அது நீங்கள் கேட்காமலேயே நிறத்தை மாற்றுகிறது.

ஒவ்வொரு முகத்துக்கும் கணக்குப் போட முடியாது என்பவர்களுக்கு உள்ளங்கை இருக்கிறது. உடம்பு என்ன நிறமாக இருந்தாலும் உள்ளங்கை பெரும்பாலானவர்களுக்கு நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாகவே இருக்கிறது. உங்கள் கையை நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடியுங்கள், அதாவது அவர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம், அதே நிழலில். அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, பூட்டிக்கொள்ளுங்கள். முகத்தில் விழுகிற வெளிச்சத்தை அளந்துவிட்டீர்கள், இனி கறுப்பு கறுப்பாகவும் மாநிறம் மாநிறமாகவும் தானாக வரும். கையில் நேர் வெயில் பட்டால் மட்டும் கணக்கு கெட்டுவிடும், அதைக் கவனியுங்கள்.

பொத்தான்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டாலும், என் அனுபவத்தில் காலை நகர்த்துவதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வழி. வானத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். கீழே நின்று, இறங்கி வருகிறவர்களை அண்ணாந்து எடுத்தால் தலைக்குப் பின்னால் முழுக்க வானம். நீங்கள் நாலு படி மேலே ஏறிக்கொண்டு அவர்களைத் திரும்பி நிமிர்ந்து பார்க்கச் சொன்னால் பின்னணியில் படியும் மரமும் வந்துவிடும், முகத்துக்கோ மேலே இருக்கிற வானமே வெளிச்சம் கொடுக்கும். கேமராவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது கடை முன்னால் கூரையோடு இருக்கிற நடைபாதை, இதற்கு ஓர் அருமையான இடம். அங்கே பூக்கட்டுகிற அக்காவைக் கடைக்குள் நின்று தெருவைப் பார்த்து எடுத்தால், அவருக்குப் பின்னால் வெயிலடிக்கிற தெரு, அவர் முழுக்க நிழல். அதே அக்காவிடம் கேட்டுவிட்டு, நீங்கள் தெருவில் இறங்கி நின்று உள்ளே பார்த்து எடுங்கள். தெரு வெளிச்சமும் எதிர்க்கடைச் சுவர் வெளிச்சமும் மெத்தென்று அவர் முகத்திலும் விரலிலும் விழும், பின்னால் கடையின் உட்பக்க இருட்டு. நூலை இழுத்து மல்லிகையை முடிச்சில் மாட்டுகிற அந்த நொடியில் நகத்தில் ஒட்டிய ஈரம்கூடத் தெரியும். ஆள் அஞ்சடியின் விளிம்பிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும், ரொம்ப உள்ளே போனால் முகத்துக்கு வெளிச்சம் குறைந்துவிடும்.

சில இடங்களில் நகர முடியாது, அங்கே நேரத்தை நகர்த்தலாம். சியூ ஜெட்டி பட்டர்வொர்த் பக்கம், அதாவது கிழக்கே பார்த்திருக்கிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் நேரே கேமராவுக்குள்தான் விழும். அதே இடம் மாலையில் உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வெளிச்சம் தரும். கொடிமலை மேலே நின்று ஜார்ஜ் டவுனைப் பின்னணியாக வைத்து எடுக்கிறவர்களுக்கும் இதே கணக்கு, காலையில் எதிர்வெளிச்சம், பின்மதியத்தில் சௌகரியம். நடுப்பகல் வெயில் நம் ஊரில் உச்சந்தலையில் அடிக்கும், அப்போது எந்தத் திசையில் நிறுத்தினாலும் கண்குழி இருட்டாகிவிடும், அந்த நேரத்தில் நிழல் தேடுங்கள். சூரியன் மறைந்த உடனே வருகிற பத்துப் பதினைந்து நிமிடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பினாங்கில் ஆண்டு முழுக்க அது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.45க்கும் இடையில் வந்துவிடும். அப்போது வானத்துக்கும் முகத்துக்கும் வித்தியாசம் ஒன்று இரண்டு ஸ்டாப்பாகக் குறைந்துவிடுகிறது, வானத்தின் நிறமும் கிடைக்கும், முகமும் கிடைக்கும். நம் பக்கத்தில் இருட்டு வேகமாகக் கவிந்துவிடும், ஆகவே முன்னாடியே போய் நின்றுகொள்ளுங்கள்.

வானமும் வேண்டும், முகமும் வேண்டும், நேரமும் இடமும் மாற்ற முடியாது என்றால் முகத்துக்கு வெளிச்சம் கொண்டு வந்து சேர்க்க வேண்டியதுதான். காருக்குள் வெயில் மறைக்க வைத்திருக்கிற வெள்ளித்தாள் மறைப்பு இருக்கிறதே, அது அற்புதமான சாமான். சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கும்போது, கூட வந்தவர் யாராவது அதை ஆளுக்கு முன்னால் நெஞ்சு உயரத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், வெளிச்சம் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் ஏறுவதை நீங்களே பார்க்கலாம். இடுப்புக்குக் கீழே பிடிக்க வேண்டாம், தாடைக்குக் கீழிருந்து வருகிற வெளிச்சம் முகத்தை அச்சம் தருகிற மாதிரி ஆக்கும். வெள்ளி கண்ணைக் கூச வைத்தால் வெள்ளை அட்டை போதும், ஆனால் ரொம்பப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சுவர், மணல், ஏன் நீங்கள் போட்டிருக்கிற வெள்ளைச் சட்டைகூட இந்த வேலையைக் கொஞ்சம் செய்யும்.

அப்புறம் பிளாஷ். பகலில் எதற்குப் பிளாஷ் என்று சிரிப்பார்கள், உண்மையில் பகலில்தான் அதற்கு நல்ல வேலை. முதலில் வானத்துக்குச் சரியாக வருகிற அளவை வைத்துக்கொள்ளுங்கள், பளீரென்ற மேகம் என்றால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்கிற திறன்) 100, லென்சின் துளை எஃப் 8, ஷட்டர் 1/250 என்ற அளவில் தொடங்கிப் பாருங்கள். அதற்கு மேல் ஷட்டரை வேகமாக்கினால் பல கேமராக்களில் பிளாஷ் ஒத்துழைக்காது, 1/200 அல்லது 1/250தான் எல்லை. பிறகு பிளாஷின் பலத்தை மைனஸ் 1 வைத்து முகத்தை நிரப்புங்கள். முழுப் பலத்தில் அடித்தால் ஆளை வெட்டி வானத்தில் ஒட்டின மாதிரி இருக்கும். பிளாஷ் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகிவிடும், எனவே கிட்டத்தில் நில்லுங்கள். போனில் இருக்கிற குட்டி விளக்கு பகல் வானத்தோடு போட்டி போட முடியாது, அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் எப்போதும் வேர்வையில் பளபளக்கும். கறுத்த தோலில் பிளாஷ் பட்டால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக வரும். ஒரு டிஷ்யூ கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை, படமே மாறிவிடும்.

சூரியன் நேராக லென்சில் பட்டால் படம் முழுக்க வெள்ளை மூடாக்குப் போட்ட மாதிரி ஆகும். விரல் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிய போன் லென்சில் இது இன்னும் மோசம். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, சூரியனை ஆளின் தலைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் முடியைச் சுற்றி ஒரு பொன் கோடு வரும், சுருட்டை முடிக்கும் மல்லிகைச் சரத்துக்கும் அது தனி அழகு. எதிர்வெளிச்சத்தை விரும்பி எடுக்கிறவர்கள் தேடுவதே அந்தக் கோட்டைத்தான். நல்லதுதான், முகத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் வரைக்கும்.

முகமே வேண்டாம், உருவம் போதும் என்று நினைத்தால் அது வேறு படம். மயில்தோகைக் காவடியைச் சாயங்கால வானத்துக்கு எதிரே வைத்தால் கறுப்பு உருவமே அழகு. அதற்கு வானத்தைத் தட்டி அளந்து பூட்டுங்கள், கையும் காலும் உடம்போடு ஒட்டாமல் பிரிந்து தெரிகிற நொடிக்குக் காத்திருங்கள். ஆனால் ஆளின் முகம் வேண்டிய இடத்தில் இருட்டு விழுந்ததைக் கலை என்று சமாளிக்க வேண்டாம். பாட்டியின் படத்தில் பாட்டி தெரிய வேண்டும்.

பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாமா என்றால், ஓரளவுக்கு. முற்றிலும் வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டு வர முடியாது, அங்கே பதிவான தகவலே இல்லை. இருண்ட முகத்தை ஏற்ற முடியும், ஆனால் ஏற்றும்போது கறுத்த தோலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், நிறம் சாம்பலோ பச்சையோ அடிக்கும். ரா வடிவத்தில், அதாவது கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக எடுத்தால், வழக்கமான ஜேபெக் கோப்பைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாக விளையாட இடம் கிடைக்கும். வானம் முக்கியமான படமென்றால் ராவில் எடுத்து, வானம் வெளுக்காத அளவில் நிறுத்தி, முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். முகத்தின் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிய ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். குடும்பப் படத்துக்கு நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். வெள்ளை வானம் இருந்துவிட்டுப் போகட்டும், முகம் சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேமராவில் வைத்த ப்ளஸ் 2ஐ மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள், ஸ்பாட் மீட்டரையும் பழைய நிலைக்கு மாற்றுங்கள். பல கேமராக்கள் அணைத்துப் போட்டாலும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் கோயிலில் எடுக்கிற படமெல்லாம் வெளுத்துப்போய் வரும்.